பளபளக்கும் பெட்ரோல் குழாய் பக்கத்துப் பொருளை அறுக்கும்!



தோட்டத்தில் வாழும் நமக்குக் கார் என்பது ஊர் சுற்றுவதற்கு மட்டும் உள்ள பொருள் அன்று. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பட்டணத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட அதுதான் துணை. மாதச் சாமான் வாங்க, உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வர, பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பழைய காராக இருந்தால் என்ன? பனங்குலை வெட்டியும் பால்மரம் சீவியும் சேர்த்த காசில் வந்த கார் அது.

அந்தக் காரின் பானட்டைத் திறந்து பாருங்கள். 1985-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் சாகாவாக இருக்கலாம்; 1994-இல் வந்த கஞ்சிலாக இருக்கலாம். இன்னும் பல வீடுகளில் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டி வந்தபோது அதில் இருந்த பெட்ரோல் குழாய் சாதாரணக் கறுப்பு ரப்பர் குழாய். அது வெடித்துப் போனதும் நம் வீட்டு இளைஞர்கள் அதே கறுப்புக் குழாயை வாங்கி மாட்டுவதில்லை. வெள்ளிக் கொலுசு போல் மின்னும் எஃகுப் பின்னல் குழாயை வாங்கி மாட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, பந்தயக் கார் போல் இருக்கிறது, வலுவாகவும் இருக்கிறது. குறை சொல்ல என்ன உண்டு?

குறை குழாயில் இல்லை, அன்பர்களே! அதை வைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. எஃகுப் பின்னல் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் இருப்பதை அறுக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாட்டினால், அழகுக்காக வாங்கிய குழாயே காரைக் கொளுத்திவிடக் கூடும்.

எவர்சில்வரும் அலுமினியமும்

இந்தப் பின்னல் எதனால் ஆனது தெரியுமா? நம் வீட்டு எவர்சில்வர் தட்டு, டம்ளர் செய்யும் அதே இனத்து எஃகினால் ஆனது. இரும்போடு குரோமியம், நிக்கல் ஆகியவற்றைக் கலந்து செய்வார்கள். நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். துரு பிடிக்காது, எளிதில் தேயாது. இதை நூல்போல் மெல்லிய கம்பியாக இழுத்து, பெண்பிள்ளைகளுக்குச் சடை பின்னுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் குழாயின்மேல் சட்டையாகப் போடுகிறார்கள்.

சமையலறையில் பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருளை எண்ணிப் பாருங்கள். அலுமினியச் சட்டியை அதனால் தேய்த்தால் என்ன ஆகிறது? கறுப்பு நீர் வடிகிறது. அந்தக் கறுப்பில் அழுக்கு மட்டும் இல்லை. சட்டியின் அலுமினியமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. எஃகு கடினம், அலுமினியம் மிருது. கடினமானது மிருதுவானதைத் தின்னும். அலுமினியத்துக்கே இந்த நிலை என்றால் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் செம்புக் கம்பிக்கும் சொல்லவா வேண்டும்?

பின்னல் குழாயும் அப்படிப்பட்ட கம்பிச் சுருள்தான். கையால் தடவினால் வழவழப்பாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு கம்பியும் மற்றொன்றின்மேல் ஏறி இறங்குவதால், மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய மேடு பள்ளம். அரத்தின் பற்களும் அப்படித்தானே இருக்கின்றன?

ஒரு மணி நேரத்தில் எத்தனை உரசல்?

“குழாய் ஓரிடத்தில் சும்மாதானே கிடக்கிறது? அது எப்படி அறுக்கும்?” என்று கேட்பீர்கள். அது சும்மா கிடப்பதில்லை. எஞ்சினை ரப்பர் தாங்கிகளின்மேல்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். ஓடும்போது அது நடுங்கும். கியர் மாற்றும்போது ஒரு பக்கம் சாயும். பள்ளத்தில் இறங்கினால் குலுங்கும். பெட்ரோல் குழாயின் ஒரு முனை காரின் உடம்பில் இருக்கிறது. மறுமுனை எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின் அசைந்தால் குழாயும் அசைந்தே தீரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போமா? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று. அப்படியானால் நிமிடத்துக்கு 1,600 அதிர்வு. ஒரு மணி நேரத்துக்கு 96,000 அதிர்வு! மூன்று சிலிண்டர் கொண்ட கஞ்சிலுக்கும் கணக்குப் போட்டால் 72,000 வருகிறது. இது வெறுமனே நிற்கும்போது உள்ள கணக்கு. செம்பனை லாரி ஏறி இறங்கிக் குழி விழுந்த தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடினால் குலுக்கல் தனிக் கணக்கு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றார்கள் முன்னோர்கள். எறும்புக்கே கல் தேயுமானால், மணிக்கு ஒரு லட்சம் முறை தேய்க்கும் எஃகுக்கு ஒரு ரப்பர் வயர் எம்மாத்திரம்?

எதெது அறுபடும்?

முதலில் வருவது மின்சார வயர். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரைப் பார்த்திருப்பீர்கள். பல பழைய கார்களில் அந்த வயருக்குப் பியூஸ் கிடையாது. அதன் ரப்பர் உறையின்மேல் எஃகுப் பின்னல் உரசிக்கொண்டே இருந்தால், ஒருநாள் உறை அறுந்து செம்பு வெளியே தெரியும். பின்னலும் மின்சாரத்தைக் கடத்தும்; அதன் முனை எஞ்சினோடு ஒட்டியிருக்கும். செம்பும் பின்னலும் தொட்ட கணமே பேட்டரியின் சக்தி முழுவதும் அந்த இடத்தில் பாயும். தீப்பொறி பறக்கும், பின்னல் கம்பி பழுக்கக் காயும். அந்தக் கம்பிக்கு உள்ளே ஓடுவதோ பெட்ரோல்! திரியையும் எண்ணெயையும் நெருப்புக் குச்சியையும் ஒரே இடத்தில் நாமே கொண்டுவந்து வைத்ததற்கு ஒப்பாகும் இது.

இரண்டாவது, பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய். அதன்மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. பின்னல் அதைச் சுரண்டிவிட்டால், நம் நாட்டு மழைக்கும் ஈரக் காற்றுக்கும் அந்த இடத்தில் துரு ஏறத் தொடங்கும். துருவேறிய பிரேக் குழாய் எங்கே வெடிக்கும்? பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

மூன்றாவது, ரேடியேட்டரும் அதன் ரப்பர் குழாய்களும். பல கார்களின் ரேடியேட்டர் மெல்லிய அலுமினியத் தகட்டால் ஆனது. அதில் ஓர் ஊசித்துளை விழுந்தாலே போதும். தண்ணீர் வற்றி எஞ்சின் சூடேறிவிடும்.

நான்காவதாகக் காரின் உடம்புத் தகடு. சாயம் போனால் துரு, துரு வந்தால் ஓட்டை.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதுதான் அந்தக் குழாயே! கூரான தகட்டு விளிம்பில் உரசினால் பின்னல் கம்பிகளும் ஒவ்வொன்றாக அறும். அறுந்த நுனிகள் முள்போல் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் குத்தும். பிறகு உள்ளே இருக்கும் ரப்பருக்குக் காவல் ஏது?

எங்கள் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய கார் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் பானட்டைத் திறந்தவர், தற்செயலாகத் தடித்த வயரின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அரிவாளால் கீறியது போல் உறை பிளந்து செம்பு மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு அரை விரல் தூரத்தில் புதிய பின்னல் குழாய். மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நல்ல வேளையாக எதுவும் நடக்கவில்லை. அன்று காலையும் அந்தக் காரில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்து வந்திருந்தார்கள் என்பதை நினைத்தால்தான் மனம் பதறுகிறது.

பந்தயக் காரில் மட்டும் எப்படி?

“பந்தயக் கார்களில் இதைத்தானே மாட்டுகிறார்கள்?” என்று தம்பிமார்கள் கேட்கலாம். உண்மைதான். 1968-இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் பத்து தீகா ஓடுகளத்திலும், 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்த சிப்பாங்கிலும் பின்னல் குழாய் மாட்டிய பந்தயக் கார்கள் ஓடியிருக்கின்றன. ஆனால் பந்தயத்தில் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஆட்கள் காரைத் திறந்து அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். தேய்ந்ததை உடனே மாற்றுகிறார்கள். குழாய் போகும் வழியெங்கும் பிடிப்பான் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். நம் காரில் மாட்டிய குழாயை நாம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறோம்? குழாயை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, கவனத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் அழுத்தம் மிகக் குறைவு, சுமார் 0.3 பார்தான். 2005-இல் வந்த மைவி போன்ற இன்ஜெக்ஷன் வண்டிகளில் அது சுமார் 3 பார், அதாவது பத்து மடங்கு. கார் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். பழைய வண்டியில் சொட்டாக விழுவது, புதிய வண்டியில் பீச்சியடிக்கும். ஆகவே இன்ஜெக்ஷன் வண்டிக்கு அதற்கென்றே செய்த குழாயைத்தான் வாங்க வேண்டும். அழகுக்காக மேலே மாட்டும் வெறும் பின்னல் உறையைக் கண்டு ஏமாறக் கூடாது. உள்ளே இருக்கும் குழாய் பெட்ரோலுக்கு ஏற்றதுதானா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பது எப்படி?

வழி எளிது. விலகி இருக்கட்டும், பிடித்து நிறுத்துங்கள், போர்த்தி வையுங்கள். இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும்.

முதலாவது, விலக்கம். குழாய் போகும் பாதையை மாட்டுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். வயர், பிரேக் குழாய், ரேடியேட்டர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது இரண்டு விரல் அகலம் தள்ளியிருக்க வேண்டும். விசிறி, பெல்ட் போன்ற சுழலும் பாகங்களிலிருந்தும், சூடேறும் புகைக் குழாயிலிருந்தும் ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையே குழாய் விறைப்பாக நிற்கக் கூடாது. தொட்டில் கயிறுபோல் லேசாக வளைந்து தொங்கட்டும். எஞ்சின் சாயும்போது இழுபடாமல் இருக்க அந்தத் தளர்வு தேவை. அதற்காகத் தேவைக்கு மேல் நீளமாகவும் விடக் கூடாது. நீளமான குழாய் அலைந்து போய் எதையாவது தொடும்.

இரண்டாவது, பிடிப்பு. உட்புறம் ரப்பர் வைத்த உலோகக் கிளிப் கடைகளில் கிடைக்கும், சில வெள்ளிதான். ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக வைத்துக் காரின் உடம்போடு திருகி விடுங்கள். பிளாஸ்டிக் கட்டுப் பட்டையால் வெறும் பின்னலின்மேல் கட்டாதீர்கள். பின்னல் அதையும் அறுத்துவிடும். வயர்க் கற்றையோடும் பிரேக் குழாயோடும் சேர்த்துக் கட்டவே கூடாது. அப்படிக் கட்டினால், தொடாமல் இருந்ததை நாமே தொட வைத்ததாகும்.

மூன்றாவது, போர்வை. என்னதான் விலக்கினாலும் ஓரிரு இடத்தில் நெருக்கம் இருக்கும். அங்கே குழாயின்மேல் உறை போடுங்கள். வயர்களுக்குப் போடும் நெளிநெளியான கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் நீளவாக்கில் பிளந்தே கிடைக்கும். குழாயைக் கழற்றாமலே அதை மாட்டிவிடலாம். நைலான் நூலால் பின்னிய உறையும் நல்லது; ஆனால் குழாயின் முனையைப் பொருத்துமுன் நுழைக்க வேண்டும். எதிரே இருக்கும் வயருக்கும் ஓர் உறை போட்டுவிட்டால் இரட்டைக் காவல்.

சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வழியில் அவசரத்துக்குச் சுற்றி வீடு வந்து சேரலாம். அதையே நிரந்தரமாக வைக்காதீர்கள். பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதி உப்பிப் போகும். எஞ்சின் சூட்டில் நாளடைவில் வெடித்துவிடும். கறுப்பு டேப்பும் அப்படியே; சூட்டில் பசை இளகி நழுவிவிடும்.

குழாய் தகட்டுத் துளை வழியாகப் போகிறதா? துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒருபோதும் நுழைக்காதீர்கள்.

வேலை தொடங்குமுன்

பழகிய கை இல்லையென்றால் பட்டணத்துப் போர்மேனிடமே கொடுங்கள். கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன மூன்றையும் செய்தாரா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள். நீங்களே செய்வதானால் சிலவற்றை மறக்கக் கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திறந்தவெளியில் செய்யுங்கள், வீட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பைக்கூடத் தேடிப் போகும். சிகரெட், சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் எஞ்சின் நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். அதை வெளியேற்றத் தெரியாதவர்கள் அந்தக் குழாயில் கை வைக்கவே கூடாது.

பின்னல் குழாயை வெட்டும்போது, வெட்டும் இடத்தில் டேப்பை இறுகச் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் வெட்டினால் கம்பி சிலும்பாது. வெட்டியபின் உட்புறத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். ஒரு கம்பித் துணுக்கு உள்ளே போனாலும் கார்புரேட்டரின் சிறு துளையை அடைத்துவிடும்.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

குழாய் மாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. மாதம் ஒருமுறை கைவிளக்கோடு பாருங்கள். பின்னலில் ஓரிடம் மட்டும் கண்ணாடிபோல் மின்னுகிறதா? பக்கத்தில் கறுப்பு அல்லது சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கிறதா? அங்கே உரசல் நடக்கிறது என்று பொருள். வெள்ளைத் துணியால் குழாயைத் துடைத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். சட்டை போட்ட குழாயில் உள்ளே ரப்பர் வெடித்திருந்தாலும் வெளியே தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை மூக்குதான் சொல்லும். காலையில் காருக்குப் பக்கத்தில் நடக்கும்போது பெட்ரோல் வாடை வருகிறது என்று வீட்டுப் பெண்கள் சொன்னால், “உனக்கென்ன தெரியும்” என்று ஒதுக்காதீர்கள், ஐயா!

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு சொல். கப்சாயில் பின்னல் பிரேக் குழாய் மாட்டுகிறீர்கள். கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். விளக்கு வயரையோ தகட்டையோ குழாய் தொடுகிறதென்றால் பாதையை மாற்றுங்கள். முடியாவிட்டால் உறை போடுங்கள்.

எல்லாம் மீறித் தீப்பிடித்தால்?

வண்டியை ஓரம் நிறுத்திச் சாவியைத் திருப்பி அணையுங்கள். முதலில் பிள்ளைகளை இறக்கித் தூரமாகக் கொண்டுபோங்கள். 999-க்கு அழையுங்கள். பானட்டை அகலத் திறக்காதீர்கள். காற்றுப் புகுந்தால் தீ சீறி எழும். தண்ணீர் ஊற்றாதீர்கள்; பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். தூள் அணைப்பான் ஒன்று காரில் இருந்தால், தீ சிறியதாக இருக்கும்போது பானட்டின் சிறு இடுக்கு வழியாக அடிக்கலாம். அடங்கவில்லையென்றால் விட்டுவிட்டு ஓடுங்கள். காரை இன்னொரு முறை உழைத்து வாங்கலாம்.

அன்பர்களே! பின்னல் குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாக வைத்தால் அது நல்ல பொருள்தான். விலையுயர்ந்த குழாயை வாங்கிய கையோடு, ஒரு கைப்பிடிக் கிளிப்பும் இரண்டு முழம் உறையும் சேர்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது பானட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காரிலும் அந்தப் பளபளப்பைக் கண்டால், கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள்.